கிணற்றுத் தெருவில் வைத்த புள்ளிகள்

எங்கள் தெருவில் சாவு விழுந்தால் கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்கு வீடு தறி. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை அந்தச் சத்தம் ஓயாது. அதற்குள்ளேயே பேசி, சண்டை போட்டு, பகல் தூக்கமும் போட்டுப் பழகியவர்கள் நாங்கள். யாராவது இறந்தால் மட்டும் தெரு முழுக்கத் தறியை நிறுத்துவார்கள். வேலை முடிந்து தேரடியைத் தாண்டி வரும்போது சத்தம் கேட்கவில்லை என்றால் எந்த வாசலில் கூட்டம் என்று தேடிக்கொண்டே நடப்பேன். அந்த வருஷம் ஆடித் தபசுத் திருவிழா முடிந்து மூன்று மாதத்துக்குள் நான்கு தடவை அப்படித் தெரு ஓய்ந்து கிடந்தது. நான்கு பேரும் பிள்ளைத்தாச்சிகள். நான்கு பேருக்கும் கண் மஞ்சளாகியிருந்தது.

அந்தச் சமயத்தில் என் தங்கையும் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். அவளை அந்த நோயிடமிருந்து காப்பாற்றிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நான் செய்ததையெல்லாம் படிக்கிறவர்கள் என்னை நம்பாமல் போகலாம்.

நான் சங்கரன்கோவிலில் சுகாதார நர்சாக இருந்தேன். எழுபதுகளின் கடைசி. பிள்ளைகளுக்கு ஊசி போடுவது, பிரசவம் பார்ப்பது, பிள்ளைத்தாச்சிகளைப் பதிவேட்டில் எழுதி மாதாமாதம் போய்ப் பார்ப்பது, நடுவில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிப்பது, இவ்வளவும் என் தலையில். கடைசி வேலையால் என்னைக் கண்டதும் கதவைச் சாத்துகிறவர்கள் அதிகம். நெருக்கடி நிலை முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஆபரேஷன் என்றாலே ஜனங்களுக்குக் குலை நடுங்கியது. “வீட்ல ஆம்பள இல்ல, பொறவு வாங்க” என்று வாசலிலேயே சொல்லி அனுப்புவார்கள். உள்ளே ஆம்பளை இருமுகிற சத்தம் கேட்கும். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. “இருமலுக்கு மாத்திரை இருக்கு, வேணுமான்னு கேட்டுச் சொல்லு” என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவேன்.

வீட்டில் அம்மா, நான், என்னைவிட எட்டு வயது சின்னவளான தங்கை. அப்பா போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக் கொடுத்தது நான்தான். தேரடிக்கு அந்தப் பக்கம், நாலு தெரு தள்ளி. தெருக்களின் பெயரைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. எங்கள் தெருவைக் கிணற்றுத் தெரு என்றும் அவள் வாழப் போனதைக் குழாய்த் தெரு என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே ஜாதி ஜனம், ஒரே தொழில். கிணற்றுத் தெருப் பெண்களைக் குழாய்த் தெருவுக்குக் கொடுப்பது காலங்காலமாக நடக்கிற வழக்கம். வீட்டுக்கு ஒருத்தியாவது அங்கே வாழ்ந்துகொண்டிருப்பாள்.

எங்கள் தெருவின் நடுவில் பொதுக் கிணறு. கோடையில் வாளி போய் அடியைத் தொட அரை நாழிகை ஆகும். கயிறு இழுத்து இழுத்து எங்கள் தெருப் பெண்களின் உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும். குழாய்த் தெருவில் அந்தக் கஷ்டம் இல்லை. அங்கே குழாய் என்றால் திருகினால் கொட்டுகிற குழாய் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊர்க் குழாயில் தண்ணீர் மேலே ஏறாது. அதனால் வாசலில் இடுப்பளவு குழி வெட்டி, மண்ணுக்குள் போகிற குழாயை அங்கேயே அறுத்து, குடத்தைக் குழிக்குள் இறக்கிப் பிடிப்பார்கள். ஒருத்தி குழிக்குள் நிற்பாள், இன்னொருத்தி மேலே நின்று குடத்தை வாங்குவாள். தண்ணீர் நின்றதும் குழாய் வாயில் பழந்துணியைச் சுருட்டித் திணித்துவிட்டுப் போவார்கள். சிலர் அதுவும் செய்ய மாட்டார்கள். குழிக்குப் பக்கத்திலேயே சாக்கடை ஓடும். மழை பெய்தால் குழி நிரம்பிக் கிடக்கும்.

இருந்தும் குழாய்த் தண்ணீருக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. நானும் அந்த மதிப்பில் மயங்கியவள்தான். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது வாசலில் குழாய்க் குழியைப் பார்த்ததும் எனக்குப் பாதி சம்மதம் வந்துவிட்டது. என் தங்கை கிணற்றில் கயிறு இழுக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

முதலில் இறந்தவள் எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் பிறந்தவள். பேறுகாலத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். மஞ்சள்காமாலை என்றார்கள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார்கள், கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணைக் கரைத்துக் கொடுத்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு யாரையோ கூப்பிட்டாள். மறுநாள் தறி நின்றது. பத்து நாள் கழித்து அடுத்தவள். காமாலை எல்லோருக்கும் வருவதுதான், வந்தால் போவதுதான். ஆனால் வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிறவர்களை மட்டும் அது விடவில்லை. மூன்றாமவளும் போனபோது தெருவில் பெண்கள் என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். நான் போட்ட தடுப்பூசியால்தான் இப்படி ஆகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது.

விஷயம் மேலே போய், மெடிக்கல் காலேஜிலிருந்து ஒரு டாக்டர் ஜீப்பில் வந்தார். கண்ணாடி போட்ட, அதிர்ந்து பேசாத மனிதர். எங்கள் சுகாதார நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு இந்த ஊர் தெரியும், எனக்குத் தெரியாது. ஒரு மேப் வரைஞ்சு தாங்கம்மா. ஒவ்வொரு வீடும் வேணும். கிணறு, குழாய், சாக்கடை எல்லாம் வேணும். நோய் வந்த வீட்டில ஒரு புள்ளி வைங்க. புள்ளி எங்க கூட்டமா இருக்கோ அங்க ஜனங்க எந்தத் தண்ணியக் குடிக்கிறாங்கன்னு பாத்தா போதும்” என்றார். இந்த நோய் குடிக்கிற தண்ணீரில் வருகிறது என்றும், குடித்து ஒரு மாதம் ஒன்றரை மாதம் கழித்துத்தான் வெளியே தெரியும் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கேட்டேன் என்பதை மறுக்கவே முடியாது. என் கைப்பட நோட்டிலும் எழுதி வைத்திருந்தேன்.

அந்தப் படத்தை வரைய எனக்கு நாலு நாள் பிடித்தது. சார்ட் பேப்பரைத் தரையில் விரித்து, முழங்காலிட்டு, ஸ்கேல் வைத்துத் தெருத் தெருவாகக் கோடு போட்டேன். மலேரியா மருந்து அடிக்க வந்தவர்கள் ஒவ்வொரு வீட்டு நிலையிலும் எழுதிவிட்டுப் போன எண்களை அந்தந்தக் கட்டத்துக்குள் எழுதினேன். கிணற்றுக்கு ஒரு வட்டம், குழாய்க் குழிக்கு ஒரு பெருக்கல் குறி, சாக்கடைக்கு நெளிகோடு. நாலு தெரு, தேரடி, பள்ளிக்கூடம், பூக்கடைச் சந்து எல்லாம் ஒரு தாளில் வந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை வருஷம் கதவைச் சாத்தியவர்களின் வீட்டையெல்லாம் ஒரே பார்வையில் பார்த்துவிட்டது மாதிரி ஒரு திமிர். சிவப்பு மை காய்ந்து போயிருந்தது. தங்கை கல்யாணத்தோடு விட்டுவிட்டுப் போன சாந்துக் குப்பி அலமாரியில் இருந்தது. தீக்குச்சி முனையில் சாந்தைத் தொட்டு, பதிவேட்டைப் பார்த்துப் பார்த்துப் புள்ளி வைத்தேன்.

இறந்த மூன்று பேரும் படுத்துக் கிடந்து பிழைத்த நான்கு பிள்ளைத்தாச்சிகளுமாக ஏழு புள்ளிகள். ஏழும் கிணற்றுத் தெருவில் விழுந்தன, கிணற்றைச் சுற்றி. குழாய்த் தெருவில் ஒன்றுகூட இல்லை.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “என்னட்டி இது, நம்ம தெருவுக்குப் பொட்டு வச்சிருக்க?” என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டுக் கட்டத்துக்கு இரண்டு பக்கமும் சிவப்பாக இருந்தது.

டாக்டர் படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு, கிணற்றை மூடச் சொன்னார். மறுநாளே கிணற்று வாயில் பலகை போட்டு ஆணி அடித்தார்கள். தெருப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்டார்கள். நான்தான் சொன்னேன், குழாய்த் தெருவுக்குப் போய் எடுங்கள், அங்கே ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்று. அன்று முதல் கிணற்றுத் தெருவே வரிசையாகத் தேரடியைத் தாண்டிப் போய்க் குழிகளிலிருந்து தண்ணீர் சுமந்து வந்தது.

கிணறு மூடிய அதே வாரம், புரட்டாசி நடுவில், என் தங்கைக்கு வளைகாப்பு. எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதம் புகுந்த வீட்டில் வளையல் போட்டு, அன்றைக்கே பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம்தான் திரும்ப அனுப்புவார்கள். நானும் அம்மாவும் ஐந்து வகைச் சாதமும் வளையல் பெட்டியுமாகப் போனோம். கூடவே சுருட்டிய படத்தையும் எடுத்துக்கொண்டு போனேன்.

தங்கை கன்னத்தில் சந்தனமும் மஞ்சளுமாக, இரண்டு கையிலும் முழங்கைவரை வளையலோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பக்கத்தில் இழுத்துக் காதுக்குள், “எக்கா, பெட்டியெல்லாம் கட்டி வச்சாச்சு. எப்பப் போறோம்?” என்றாள்.

“இப்ப வேண்டாம் மக்கா. அங்கன தண்ணி சரியில்ல. பேறுகாலத்துக்கு நானே இங்கன வந்து இருந்து பாத்துக்கிடுதேன்.”

“அம்ம வீட்டுக்குப் போறேன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேனேக்கா.”

“சொன்னா என்னட்டி? உயிரோட இருக்கணும்லா?”

இதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். வளையல் போட வந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் மாமியார் முகம் கறுத்தது. “இதென்ன ஊரு உலகத்தில இல்லாத வழக்கமா இருக்கு? தலப்பிள்ளைக்குப் பொண்ண அம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகமாட்டேங்காளே! ஒரு அஞ்சாறு மாசச் சோத்துக்கு யோசிக்காவளோ நர்சம்மா?” என்றாள்.

என் கோபம் எனக்கு எப்போதுமே சத்துரு. படத்தை எடுத்துப் பாயில் விரித்தேன். “அத்தை, சோத்துக் கணக்கு பாக்க வரல. இந்தா பாருங்க. இது எங்க தெரு. இந்தச் சிவப்பெல்லாம் என்னன்னு தெரியுதா?” என்று ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு அது யார் வீடு என்று சொன்னேன். செத்தவர்களில் இரண்டு பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கே மருமகளும் ஓரகத்தியும். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். அவர்கள் யாராவது அப்போதே, ‘இது நம்ம வீட்டு மருமகள் ஆச்சே’ என்று சொல்லியிருக்கலாம். நல்ல காரியத்தில் சாவைப் பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டார்கள். பேசியவள் நான் ஒருத்திதான்.

“எங்க வீடு எங்கனக்கா இருக்கு இதில?” என்று தங்கை குனிந்து கேட்டாள்.

குழாய்த் தெருவில் அவள் வீட்டுக் கட்டத்தைக் காட்டினேன். வாசலில் ஒரு பெருக்கல் குறி மட்டும். “பாத்தியா, ஒரு புள்ளி இருக்கா? இங்கனயே இரு. கிணத்துத் தண்ணி யார் கொண்டாந்து தந்தாலும் வாயில வைக்காத. உங்க குழாய்த் தண்ணியவே குடி” என்றேன்.

அவள் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டினாள். நான் சொன்னால் அவள் எதையும் தட்டுகிறவள் இல்லை. சின்ன வயதிலிருந்தே அப்படி. திரும்பும்போது அம்மா வெறும் வளையல் பெட்டியைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தாள்.

அதற்குப் பின் ஒரு மாதத்துக்கு மேல் அமைதியாக இருந்தது. கிணற்றை மூடியதால்தான் நின்றது என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். மேலதிகாரி என்னைப் பாராட்டினார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தங்கையைப் பார்க்கக் குழாய்த் தெருவுக்குப் போகும்போதெல்லாம் சில வாசல்களில் பச்சையாக எதையோ அரைக்கிற வாசனை வரும். கீழாநெல்லி. பூக்கடைச் சந்தில் ஒரு கிழவி அதைக் கட்டுக் கட்டாக வைத்து விற்றாள். மத்தியானத்துக்குள் கூடை காலியாகிவிடும். யார் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. குழாய்த் தெருவில் ஆண்களும் பிள்ளைகளும் காமாலையில் படுத்து எழுந்துகொண்டிருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. நர்சம்மாவுக்குத் தெரிந்தால் ஆபரேஷனுக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவாள் என்று ஒரு வீட்டிலும் மூச்சு விடவில்லை. என் படத்தில் அந்தத் தெரு வெள்ளையாக இருந்ததற்கு அவர்கள் சாத்திய கதவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் நான்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள், தேரடி தாண்டியதும் சத்தம் இல்லை. நின்றுவிட்டேன். ஒரு தறிகூட ஓடவில்லை. நாலாமவள், எங்கள் வீட்டிலிருந்து ஆறாவது வீட்டுப் பெண்.

மூன்றாம் நாள், பதிவேட்டில் எழுதுவதற்காக அந்த வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் தயங்கித் தயங்கி, மூடிய கிணற்றிலிருந்து யாராவது தண்ணீர் எடுத்தீர்களா என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“கிணத்த நீங்கதான மூடுனீங்க நர்சம்மா? எம் பிள்ள இங்கன வந்து பன்னெண்டு நாளுதான் ஆச்சு. நம்ம கிணத்துத் தண்ணிய ஒரு வாய் குடிச்சாளா அவ? வரும்போதே சோறு வேண்டாம் சோறு வேண்டாம்னுதான வந்தா” என்றாள்.

எனக்கு முதலில் அது உறைக்கவில்லை. வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிய பிறகுதான் அந்தப் பன்னிரண்டு நாள் மண்டைக்குள் இறங்கியது. ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியென்றால் அவள் இதைக் கொண்டுவந்திருக்கிறாள். எங்கேயிருந்து?

வீட்டுக்கு ஓடிவந்து பதிவேட்டைத் திறந்தேன். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. பிள்ளைத்தாச்சியை முதலில் அவள் இருக்கிற வீட்டு எண்ணில் எழுதுவோம். ஏழாம் மாதம் அவள் தாய் வீட்டுக்கு வந்ததும் அந்த எண்ணை அடித்துவிட்டு, தாய் வீட்டு எண்ணை மேலே எழுதுவோம். பிரசவம் எந்த வீட்டில் நடக்கிறதோ, கணக்கு அந்த வீட்டில் வர வேண்டும். அதற்காகத்தான் அந்தத் திருத்தம். நான் ஒழுங்காகத்தான் வேலை செய்திருந்தேன். ஒரு பக்கம் விடாமல் அடித்துத் திருத்தியிருந்தேன். புள்ளி வைத்தபோது மேலே இருந்த எண்ணை மட்டும் பார்த்தேன். அடித்த கோட்டுக்குக் கீழே பழைய எண் தெளிவாகத் தெரிந்தது. என் கையெழுத்துதான்.

முதல் பெண்: குழாய்த் தெரு. இரண்டாவது: குழாய்த் தெரு. மூன்றாவதும் அப்படியே. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். நாலாமவளையும் சேர்த்து எட்டுப் பேரும் அங்கே வாழப் போனவர்கள். அங்கே குடித்துவிட்டு, இங்கே வந்து விழுந்தவர்கள்.

படத்தை விரித்தேன். ஈரத் துணியால் கிணற்றுத் தெருப் புள்ளிகளைத் துடைத்தேன். சாந்து லேசில் போகவில்லை, தாளில் இளஞ்சிவப்பாகப் பரவியது. குப்பியைத் திறந்து, அடித்த எண்களைப் பார்த்துக் குழாய்த் தெருவில் புள்ளிகளை வைத்தேன். ஒரு குழிக்குப் பக்கத்தில் ஒன்று, எதிரே ஒன்று, அடுத்தடுத்து இரண்டு. கூட்டம் என் தங்கை வீட்டை நெருங்கி வந்தது. பதிவேட்டைப் புரட்டி அவள் பக்கத்தை எடுத்தேன். அதில் மட்டும் அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. அவளைத்தான் நான் கூட்டிக்கொண்டு வரவில்லையே.

செருப்புகூடப் போடாமல் போனேன். நடுப்பகல். குழாயில் தண்ணீர் வரப்போகிற நேரம் என்பதால் தெரு முழுக்கப் பெண்கள். எங்கள் தெருக்காரிகளும் குடங்களோடு நின்றார்கள். அவள் வீட்டு வாசல் குழியில் கலங்கலாக நின்ற மழைத் தண்ணீருக்குள் குழாய் வாய் முங்கிக் கிடந்தது. நல்ல தண்ணீர் வருவது நிற்கிறபோது இந்தத் தண்ணீரைத்தான் குழாய் உள்ளே இழுக்கிறது என்பது பார்த்தவுடனே புரிந்தது. ஒரு நர்சுக்கு அது முன்பே புரிந்திருக்க வேண்டும். நூறு தடவை அந்தக் குழியைத் தாண்டி உள்ளே போயிருக்கிறேன்.

அவள் உள் அறையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மாமியார் அடுப்படியிலிருந்து, “ரெண்டு நாளா சோத்து வாடையே ஆகலேங்கா. ஒம்பதாம் மாசத்தில இதெல்லாம் உள்ளதுதான?” என்றாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன்.

“என்னக்கா?” என்றாள்.

“ஒண்ணும் இல்ல மக்கா. கிளம்பு.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாதது அதுதான். “நம்ம வீட்டுக்காக்கா? பெட்டி கட்டுனபடிதான் இருக்கு. அவுக்கவே இல்ல” என்றாள். கட்டிலுக்குக் கீழே அது இருந்தது. சணல் கயிறு போட்டு, முடிச்சுக்கு மேல் முடிச்சு.

“முதல்ல ஆஸ்பத்திரி. பொறவு வீடு” என்றேன்.

அவள் வீட்டுக்காரர் வாடகைக் கார் பிடித்துவந்தார். திருநெல்வேலிக்குப் போகிற வழியில் தேரடியில் கார் திரும்பும்போது எங்கள் தெரு முனை தெரியும். அவள் என் தோளில் சாய்ந்திருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். தறிச் சத்தம் கேட்டது. “அம்மைய ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவமாக்கா?” என்றாள். நேரமாகிறது, திரும்பி வரும்போது பார்க்கலாம் என்று சொன்னேன். மூன்று நிமிஷம் நிறுத்தியிருந்தால் எதுவும் மாறியிருக்காது. நிறுத்தவில்லை.

ஐந்தாம் நாள் போய்விட்டாள். நினைவு தப்பி, என்னை அம்மா என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். வயிற்றிலிருந்த பிள்ளையும் போயிற்று. எங்கள் வழக்கப்படி வாழப் போன பெண்ணை வாழ்ந்த வீட்டில் வைத்துத்தான் எடுப்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே குழாய்த் தெருவுக்குத்தான் கொண்டுபோனோம். அன்றைக்கு இரண்டு தெருவிலும் தறி நின்றது. அவள் மாமியார் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். தண்ணீர் மட்டும் கொடுத்தாள். நான் குடிக்கவில்லை.

வளைகாப்பு நாளிலிருந்து அவள் கண் மஞ்சளான நாள்வரை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தாறு. டாக்டரிடம் சொன்னபோது, “அதுக்கு முந்தியே குடிச்சதாகவும் இருக்கலாம்மா. உறுதியா சொல்ல முடியாது” என்றார். நல்ல மனிதர். நான் விரலை மடக்கி எண்ணுவதைப் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னார். எத்தனையோ வருஷமாக அந்த ‘இருக்கலாம்’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன். அது நிற்பதில்லை.

கிணற்றுப் பலகையைப் பிரித்தார்கள். கிணற்றுத் தண்ணீரில் ஒரு கோளாறும் இல்லை. குழாய்த் தெருவில் குழிகளை மண் போட்டு மூடி, குழாயை மாற்றி, தெரு முனையில் தொட்டி கட்டினார்கள். அந்த மாதம் எங்கள் தெருவில் நிறையப் பேருக்குக் காமாலை வந்தது. நான் சுமக்கச் சொன்ன தண்ணீர். எனக்கும் வந்தது, மூன்று வாரம் படுத்துக் கிடந்தேன். எல்லோரும் பிழைத்துக்கொண்டோம். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் யாரும் அப்போது தெருவில் இல்லை.

எழுந்து உட்கார முடிந்ததும் படத்தைச் சரி செய்து முடிக்க உட்கார்ந்தேன். டாக்டர் மறுநாள் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பின்னால் காமாலை வந்த எங்களை அதில் சேர்க்கவில்லை. எல்லாப் புள்ளியும் குழாய்த் தெருவில். கடைசியாக என் தங்கை வீட்டுக் கட்டத்தில் தீக்குச்சியால் ஒன்று வைத்தேன். அது முதலிலிருந்தே இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அடிக்கவோ மாற்றவோ வேண்டியிருக்கவில்லை.

அம்மா வந்து எதிரே உட்கார்ந்தாள். தங்கை போனதிலிருந்து அவள் என்னிடம் நேராகப் பேசியது குறைவு. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளைய இதில எங்கன வச்சிருக்க?” என்று கேட்டாள்.

காட்டினேன்.

“அங்கன எதுக்கு வச்ச? நம்ம வீட்ல கொண்டாந்து வையி.”

“அங்கனதாம்மா நோய் வந்துச்சு. அங்கனதான் வைக்கணும். மாத்தி வச்சா படம் தப்பாப் போயிரும்.”

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் விவாதம் பண்ணவும் இல்லை. சாந்துக் குப்பியை என் பக்கம் தள்ளிவிட்டாள். “செத்தவளுவளையெல்லாம் அம்ம வீட்ல வச்சிருந்தியே. எம் பிள்ளைய மட்டும் வெளிய விட்டுட்டியே” என்றாள்.

நான் எங்கள் வீட்டுக் கட்டத்தைத் தேடி அதில் ஒரு புள்ளி வைத்தேன்.

மறுநாள் டாக்டர் படத்தைப் பார்த்து, குழாய்த் தெருவில் விரலை ஓட்டி எண்ணினார். பிறகு கிணற்றுத் தெருவுக்கு வந்து நின்றார். “இது ஒண்ணு தனியா விழுந்திருக்கே. இந்த வீட்டில கர்ப்பிணி கேஸ் இல்லையே? தவறி விழுந்ததா? அழிச்சிருங்க” என்றார். அழிக்க முடியாது சார், உங்களுக்கு வேறு படம் வரைந்து தருகிறேன் என்று சொன்னேன். அவர் என்னையும் உள்ளே நின்றிருந்த அம்மாவையும் பார்த்துவிட்டுச் சரி என்றார். இரண்டு நாளில் புதிதாக ஒன்று வரைந்து கொடுத்தேன். காலேஜுக்குப் போனது அதுதான். அதில் ஒரு பிழையும் கிடையாது, என் தங்கை குழாய்த் தெருவில் இருக்கிறாள். தப்பான படம் என்னிடம் இருக்கிறது. அதில் மட்டும்தான் அவள் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.